கெட்டில் முனையில் முப்பது படகுகள்

ஸ்டில்சன் ஊரில் பொய் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எல்லா விஷயத்திலும் இல்லை, மீன் எங்கே கிடைத்தது என்ற ஒரே ஒரு விஷயத்தில். மற்றபடி அலாஸ்காக் கரையில் இவ்வளவு யோக்கியமான ஊர் கிடையாது. கடைக்காரர் ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டால் மழையில் நடந்து வந்து திருப்பிக் கொடுப்பார்கள். லூதரன் தேவாலயத்தில் உண்டியலுக்குப் பூட்டே இல்லை. ஆனால் ஹாலிபட் மீன் எந்த இடத்தில் மாட்டியது என்று பெற்ற தாயே கேட்டாலும் வடக்கே பிடித்ததைத் தெற்கே என்பார்கள். தாயும் நம்ப மாட்டாள். அவள் கேட்டதே ஒரு மரியாதைக்குத்தான்.

இந்த வித்தையில் ஊரிலேயே பெரிய கை ரக்னா ட்வைட்டன். வயது ஐம்பத்தெட்டு. 'இங்கா' என்ற முப்பத்தெட்டு அடிப் படகுக்கு முதலாளி அவள், மாலுமி அவள், ஆள் வைக்க வழியில்லாததால் கூலியாளும் அவளே. கண்ணிமைக்காமல் புளுகுவாள். குரலில் ஒரு பிசிறு தட்டாது. கேட்டவன் இரண்டு பீப்பாய் டீசலை எரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து, "அருமையா சொன்ன ரக்னா" என்று பாராட்டிவிட்டுப் போவான்.

அவளுக்குக் கடலடியில் ஒரு பள்ளம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இயந்திரம் நின்றுபோய், நீரோட்டம் படகை எங்கோ இழுத்துக்கொண்டு போக, பயந்துபோய் நங்கூரத்தைப் போட்டாள். சாப்பாட்டுக்காவது ஆகட்டும் என்று ஒற்றைத் தூண்டிலை இறக்கினாள். கதவு அகலத்துக்கு ஒரு ஹாலிபட் மேலே வந்தது. அடுத்ததும் அதே அகலம். அன்றிலிருந்து அந்தப் பள்ளம்தான் அவளுக்குச் சோறு போட்டது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் எல்லாரும் பார்க்கும்படி ஒரு மணி நேரம் தப்பான திசையில் போவாள். கண் மறைந்ததும் திரும்புவாள். அந்த டீசல் செலவைப் பள்ளத்துக்குக் கொடுக்கும் வாடகை என்று நினைத்துக்கொள்வாள்.

போன இலையுதிர் காலத்தில் ஊரின் ஒரே மீன் ஆலை மூடிக்கொண்டது. மீனை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. படகுத்துறையில் 'இங்கா' நிற்கும் இடத்துக்கு ஆறு மாத வாடகை பாக்கி விழுந்தது. ஏப்ரலில் துறைமுக அலுவலகத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு தாள் வந்து படகின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஜூன் முதல் தேதிக்குள் பாக்கி வராவிட்டால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஏலம் விடுவார்கள். படகு போனால் ரக்னாவுக்கு மிஞ்சுவது சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்களுக்கு ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலை. அதைச் செய்வதில் கேவலம் ஒன்றுமில்லை. அவளால் நான்கு சுவருக்குள் மூச்சு விட முடியாது, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் நகரமன்றத்துக்கு மீனவர்கள் மேல் இரக்கம் சுரந்தது. மேயர் டெல்மர் க்ரோ படகு மோட்டார் விற்கிறவர். படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். மீனவர் நிவாரண நிதியைத் தொடங்கிவைத்து அவர் கண் கலங்கப் பேசினார். தொடக்க விழாவில் விருந்து வைத்தார்கள். தட்டில் வந்தது ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த உறைமீன், கடல் கடந்து பெட்டியில் வந்தது. உள்ளூர் மீனைவிட அது மலிவாம். ஊரின் முப்பத்தொரு மீனவர்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அதைத் தின்று தீர்த்தார்கள்.

நிதியில் மூன்றில் ஒரு பங்கு ட்ரெவர் ஹாட்ச் என்ற ஆலோசகருக்குப் போனது. மிச்சத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசித்துச் சொல்வதற்கு. அவர் ஆங்கரேஜிலிருந்து விமானத்தில் வந்து, மூன்று வாரம் யோசித்து, இருபத்தாறு பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார். உங்கள் தொழிலின் கனவு என்ன என்று ஒரு பக்கம். மீன் பிடிப்பதைத் தவிர வேறென்ன செய்து பிழைக்கலாம் என்று இரண்டு பக்கம். பதினேழாவது கேள்விக்கு வந்தபோது ஊரே மூச்சை இழுத்துப் பிடித்தது. கடல் வரைபடம் ஒன்றைப் போட்டு, கடந்த மூன்று வருஷமாக எங்கே மீன் பிடிக்கிறீர்கள், புள்ளி வைக்கவும் என்று கேட்டிருந்தார்கள். பொதுப் பணம் என்பதால் வரைபடம் நகரமன்றச் சுவரில் எல்லாரும் பார்க்கத் தொங்கும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

ரக்னா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நகரமன்றக் குமாஸ்தா கோரா பால்தசாரிடம் போனாள். கோராவும் அவளும் பதினேழு வயதில் ஒரே ஆலையில் நின்று மீன் குடல் எடுத்தவர்கள். கோரா படித்து மேசைக்கு வந்துவிட்டாள், ரக்னா கடலுக்குப் போய்விட்டாள்.

"என்னடி கோரா இது? ஜட்டி என்ன கலர்னு கேட்டிருந்தாக்கூட எழுதிக் குடுத்திருப்பேன். எடத்தக் கேக்குறானே!"

"எல்லாருந்தான்டி குய்யோ முறையோன்னு கத்துறாங்க. நான் என்ன பண்ண?"

"ஏதாவது ஒரு புள்ளிய வச்சிட்டுப் போறேன். எவனுக்குத் தெரியப்போகுது?"

கோரா கண்ணாடியைக் கழற்றினாள். "புயல் நிவாரணத்துக்கு அப்படித்தான் வச்ச. என்ன ஆச்சு?"

நான்கு வருஷத்துக்கு முன்னால் புயலில் ரக்னாவின் படகு அடிபட்டபோதும் இப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கே சேதம் என்று கேட்டிருந்தார்கள். பழக்க தோஷம், உண்மையான இடத்துக்கு ரொம்பத் தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளி வைத்தாள். அது ஒரு மலை உச்சியில் விழுந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் அடி உயரத்தில் படகுக்குச் சேதம் ஏற்பட வாய்ப்பில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஒரு காசு கிடைக்கவில்லை.

"இந்தத் தடவ சரிபாப்போம்னு அந்த ட்ரெவர் சொல்லியிருக்கான்," என்றாள் கோரா. "பொய்னு தெரிஞ்சா மனு குப்பைக்குத்தான் போகும். ஒனக்கு ஜூன் ஒண்ணுதான் கெடு. யோசிச்சுக்கோ."

ரக்னா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கோராவின் மேசையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளத்தின் மேலேயே புள்ளியை வைத்தாள். கை கூசியது. நடுத்தெருவில் துணியை அவிழ்த்துவிட்டு நிற்பதுபோல இருந்தது. கோரா அந்தப் புள்ளியைப் பார்த்தாள், தோழியின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

இரண்டு வாரம் கழித்து வரைபடம் சுவரில் ஏறியது.

கெட்டில் முனை என்று ஓர் இடம். நாற்பது வருஷமாக அங்கே நங்கூரத்தைத் தவிர வேறெதுவும் கடலடியிலிருந்து மேலே வந்ததில்லை. ஸ்டில்சனில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். வரைபடத்தில் கெட்டில் முனையின் மேல் முப்பது புள்ளிகள் ஈ மொய்த்ததுபோல அப்பிக்கிடந்தன. யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. முப்பது பேரும் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து, எந்த இடத்தைச் சொன்னால் எவன் பிழைப்பும் கெடாது என்று யோசித்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். முப்பத்தொன்றாவது புள்ளி மட்டும் தெற்கே, தன்னந்தனியாக, யாரும் துணைக்கு இல்லாமல் நின்றது. பக்கத்திலேயே ரக்னாவின் பெயர், தடித்த எழுத்தில்.

அதற்குக் கீழே முடிவும் இருந்தது. கெட்டில் முனை மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதி. முப்பது தொழில்முனைவோர் ஒரே இடத்தை நம்பியிருக்க, அங்கே மீன்வளம் அடியோடு அற்றுப்போனது நெஞ்சை உருக்குகிறது. முப்பது பேருக்கும் முழு நிவாரணம். ரக்னா ட்வைட்டனின் பகுதியில் போட்டியே இல்லாததால் அது வளமான பகுதி. மனு நிராகரிக்கப்படுகிறது.

ரக்னா இரண்டு தடவை படித்தாள். பணமும் இல்லை, பள்ளமும் போயிற்று. நேரே துறைமுகக் காப்பிக் கடைக்கு நடந்தாள். நாளை விடிந்தால் எத்தனை படகு பள்ளத்தின் மேல் நிற்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு வெடித்தது. 'ட்ரூடா' படகின் முதலாளி ஹல்வார் நெஸ், முப்பது வருஷமாக அவளுக்குப் போட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாம்மா தாயே வா. தெக்கால பக்கம் எங்களையெல்லாம் அனுப்பிவச்சு டீசல காலி பண்ணலாம்னு பாத்தியா?"

"காகிதத்துலயும் காதுல பூ சுத்துறா பாரு!" என்றான் ஒருவன்.

"ரக்னா அங்க புள்ளி வச்சிருக்கான்னா அங்க ஒரு நத்தைகூட இருக்காது," என்றான் இன்னொருவன். "அந்தப் பக்கம் நான் தல வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

ரக்னா மெதுவாக உட்கார்ந்தாள். காப்பி வந்தது. முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த கெட்ட பெயர் அவளைக் காப்பாற்றியிருந்தது. ஆண்டவர் ஒருத்தருக்குத்தான் உண்மை தெரியும், அவர் மீன் பிடிக்க வரப்போவதில்லை. சிரிக்கக்கூடத் தோன்றியது அவளுக்கு. ஆனால் ஜூன் முதல் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. மீனிருந்து என்ன, படகில்லாமல் நீந்தியா போவது?

அவள் கொடுத்த மேல்முறையீட்டை விசாரிக்க ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். கூட்டத்துக்கு முப்பது பேரும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க ஒரு பாதி, தங்கள் பணத்துக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பாதி. மேயர் பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்.

"ஐயா, எனக்கும் அவங்க மாதிரிதான் கஷ்டம்," என்றாள் ரக்னா. "ஆலை எனக்கும்தான் மூடுச்சு. வெல எனக்கும்தான் எறங்குச்சு. புள்ளி எங்க இருந்தா என்ன?"

ட்ரெவர் ஹாட்ச் திரையில் சிவப்பு வெளிச்சத்தால் வட்டம் போட்டார். "மேடம், தரவுகள் பேசுது. கெட்டில் முனையில முப்பது பேர் தவிக்கிறாங்க. நீங்க தனியா ஒரு வளமான எடத்துல இருக்கீங்க. உங்களுக்குக் குடுத்தா அது அவங்களுக்குச் செய்யுற அநியாயம்."

கெட்டில் முனையில் முப்பது பேர் தவிக்கிறார்கள் என்றதும் பின் வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். ஒருவன் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான்.

ரக்னாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கெட்டில் முனையில் ஒரு இழவும் கிடையாது, எல்லாம் அண்டப்புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தக் குட்டும் உடையும். திரும்பிப் பார்த்தாள். முப்பது முகங்கள். போன குளிர்காலத்தில் அவள் வீட்டுக் கூரை பெயர்ந்தபோது ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கும் ஆரஞ்சுத் தாள் வந்திருந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"மனுவுல தப்பு இருந்தா திருத்திக்கலாம்," என்றாள் கோரா, யாரையும் பார்க்காமல், சட்டப் புத்தகத்தைப் புரட்டியபடி. "மனுதாரர் எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணிச் சொல்லணும். நாலாம் பிரிவு."

ரக்னாவுக்குப் புரிந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அரசாங்கத்திடம் உண்மை சொன்னாள். அது பொய் என்று இப்போது சத்தியம் செய்ய வேண்டும்.

எழுந்து வலது கையைத் தூக்கினாள். கோரா வாசகத்தைச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். பிறகு சொந்த வாயால் சொல்ல வேண்டியது வந்தது.

"அந்தப் படத்துல நான் வச்ச புள்ளி பொய்," என்றாள். "நான் அங்க ஒருநாளும் தூண்டில் போட்டதில்ல. அங்க..." தொண்டை அடைத்தது. எச்சிலை விழுங்கினாள். "அங்க மீனே கெடையாது. நானும் கெட்டில் முனையிலதான் பிடிக்கிறேன்."

"கொஞ்சம் சத்தமா," என்றார் மேயர்.

"மீனே கெடையாது!"

மேயருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அது எளிதில் கலங்கும். தப்பை ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும், இந்த ஊரின் நேர்மைக்கு இந்த அம்மாள் ஓர் உதாரணம் என்று சொல்லிக் கையைத் தட்டினார். முப்பது பேரும் சேர்ந்து தட்டினார்கள், சிலர் விசிலும் அடித்தார்கள். ட்ரெவர் ஹாட்ச் தெற்குப் புள்ளியை அழித்துக் கெட்டில் முனையில் முப்பத்தொன்றாவது புள்ளியை வைத்தார். படம் இப்போது பார்க்க இன்னும் பரிதாபமாக இருந்தது. ஹல்வார் நெஸ் மட்டும் கை தட்டவில்லை. அவன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

நிவாரணம் நான்கு நாளில் வந்தது. வந்தது என்றால், நகரமன்ற மாடியிலிருந்து இறங்கி, கீழ்த்தளத்திலிருந்த துறைமுக அலுவலகத்துக்குள் நுழைந்துகொண்டது. பாக்கி உள்ளவர்களின் பணத்தை நகரமன்றமே நேராகப் பிடித்துக்கொள்ளும் என்று இருபத்துநான்காம் பக்கத்தில் இருந்ததாம். ஒரு பைசாவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு ரசீதும், 'மீனவரே நம் முதுகெலும்பு' என்று தைத்த ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். ரக்னா தொப்பியால் இயந்திர எண்ணெயைத் துடைத்தாள். ஆரஞ்சுத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். படகு தப்பியது, அது போதும் என்று சொல்லிக்கொண்டாள். பள்ளமும் தப்பியது. நினைக்க நினைக்க உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. சத்தியம் பண்ணிய குற்ற உணர்ச்சியை அது ஓரமாகத் தள்ளிவிட்டது.

அடுத்த நாள் காலை இரை மீனை வெட்டி, நீளக் கயிறு முழுக்க முட்கள் கோத்த ஆயிரங்கால் தூண்டிலைத் தொட்டிக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு கிளம்பினாள். வழக்கம்போல ஒரு மணி நேரம் வடக்கே போனாள். மூடுபனி இருந்ததால் சீக்கிரமே திரும்பிவிட்டாள். பள்ளத்தை நெருங்கும்போது பனி விலகியது.

நட்டநடுவில் 'ட்ரூடா' நின்றது.

ஹல்வார் கொக்கியால் ஒரு ஹாலிபட்டை விளிம்புக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தான். அகலமான மீன். தளத்தில் அதே அகலத்தில் ஏற்கெனவே ஏழெட்டுக் கிடந்தன. அவளைப் பார்த்ததும் அவசரப்படாமல் மீனை உள்ளே போட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன ஹல்வார், இந்தப் பக்கம்?" என்றாள் ரக்னா. குரல் அவளுடையதாகவே இல்லை.

"சும்மா காத்து வாங்க வந்தேன்."

"கீழ கெடக்குறது என்ன? காத்தா?"

"இங்க மீனே கெடையாதுன்னு ஒரு பொம்பள நகரமன்றத்துல கையத் தூக்கிச் சத்தியம் பண்ணியிருக்காளே. அப்புறம் இது மீனா எப்படி இருக்கும்?"

"விளையாடாத! எப்படிக் கண்டுபிடிச்ச? சொல்லுடா கிழட்டுப் பயலே!"

ஹல்வார் படகின் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் கேலி குறைந்தது.

"முப்பது வருஷமா நீ பொய் சொல்லிப் பாத்துட்டிருக்கேன் ரக்னா. தேன் மாதிரி எறங்கும். ஒரு தடவகூட ஒனக்குத் தொண்டை அடைச்சதில்ல. அன்னைக்கு 'மீனே கெடையாது'ன்னு சொல்றதுக்கு நீ பட்ட பாட்டப் பாத்தேன். பெத்த புள்ளைய இல்லன்னு சொல்றவ மாதிரி இருந்த. சரிதான், புள்ள அங்கதான் இருக்குன்னு புரிஞ்சுபோச்சு."

"வேற யாருகிட்ட சொன்ன?"

"எனக்கென்ன பைத்தியமா? கெட்டில் முனைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ரக்னாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷம். இயந்திரம் நின்ற அன்று பயத்தில் நடுங்கிக்கொண்டே கண்டுபிடித்த இடம். "இது என் எடம், போடா வெளிய" என்று கத்த வாயைத் திறந்தாள். கோராவின் அலமாரியில், முத்திரையோடு, அவள் கையெழுத்தோடு, அந்த இடத்தில் தான் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை என்று ஒரு தாள் இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

"தெக்கு ஓரத்த ஒனக்கு விட்டிருக்கேன்," என்றான் ஹல்வார், தாராளமாக. "நீயும் கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போ."

ரக்னா முகத்தைத் துடைத்துக்கொண்டு 'இங்கா'வைத் தெற்கு ஓரத்துக்குத் திருப்பினாள். மிதவையைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டுத் தூண்டில் கயிற்றை இறக்க ஆரம்பித்தாள்.